முதல் பரீட்சை மீதி: வன்னியில் கணக்கியல் தொழிலுக்குள் நுழைதல்

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் கணக்கியல் படித்து முடித்த ஒரு பிள்ளை, பயிலுநராகச் சேர ஒரு கணக்காய்வு நிறுவனத்தைத் தேடினால் பெரும்பாலும் முதலில் பஸ் ஏற வேண்டும். ஏ-35 வீதியால் பரந்தன் 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அங்கிருந்து யாழ்ப்பாணம் இன்னும் 60 அளவில். மறுபக்கம் ஏ-34 வீதியால் மாங்குளம் போய் வவுனியாவுக்கு இறங்கினாலும் நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வந்துவிடும். நாளாந்தம் போய் வர முடியாது. அறை எடுத்தால் வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போகும் பஸ் காசு என்று கூட்டிப் பார்க்கையில் பயிலுநர் கொடுப்பனவு அதற்கே காணாது. வீட்டிலிருந்து மாதாமாதம் காசு அனுப்பக்கூடிய குடும்பத்துப் பிள்ளை போகிறது. மற்றப் பிள்ளை சான்றிதழை உறைக்குள் வைத்துக்கொண்டு அரசாங்க வேலைக்கு வர்த்தமானி பார்க்கத் தொடங்குகிறது.

தூரத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. “இரண்டு வருட அனுபவம் அவசியம்” என்ற விளம்பர வரியைப் பார்த்துவிட்டு, அனுபவமின்மையைப் பிள்ளையின் குறையாகவே நாம் கதைத்துப் பழகிவிட்டோம். வன்னியைப் பொறுத்தவரை அந்தக் குறையின் பெரும்பங்கு இடத்தினுடையதும் காலத்தினுடையதும். 1978 இல் தனி மாவட்டமான முல்லைத்தீவு, 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 92,000 பேர் மட்டுமே வாழ்ந்த இடம். 2009 இல் போர் முடிந்தபோது இங்கே கடையும் இல்லை, ஆலையும் இல்லை, சங்கக் கட்டடமும் இல்லை. பேரேடுகள் சனத்தோடு இடம்பெயர்ந்து, வழியில் கைவிடப்பட்டு, மழையிலும் நெருப்பிலும் போயின. அவற்றை எழுதியவர்களில் பலர் உயிரோடில்லை. பலர் கடல் கடந்துவிட்டார்கள்.

அனுபவம் என்ற சொல்லுக்குள் இருப்பது இதுதான்: தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் எழுதுவதைப் பார்த்து, பிழை விட்டு, திருத்தம் வாங்கிப் பழகுவது. கொழும்பு செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இதை ஒரு முறையாகவே நடத்தினார்கள். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு கடையையே நடத்தும் முகவர் என்று படி ஏறவேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கணக்கு எழுதிய பல்லாயிரம் பேர் அந்தப் பெட்டியடியிலிருந்து வந்தவர்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்து இடத்தில் ஆளில்லை. ஒரு தலைமுறைக் கணக்காளர்களை இழந்த ஊரில் புதுத் தலைமுறையை யார் பழக்குவது என்பதே என் பார்வையில் இந்த விடயத்தின் அடிப்படைக் கேள்வி. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

படிப்பு இடத்தைப் பொறுத்தவரை நிலைமை முன்னரைவிட நல்லது. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. அதில் வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடம். இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழ் வரும் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவை யாழ்ப்பாணத்தில் படிக்கலாம். இந்த டிப்ளோமாவைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டுமென்று கேட்டுக் கொழும்பில் வீதிக்கு இறங்கிய மாணவர்கள் 2015 ஒக்ரோபர் 29 அன்று பொலிஸாரின் தடியடி வாங்கினார்கள். ஒரு சான்றிதழின் பெறுமதிக்காக அடி வாங்க வேண்டியிருந்த பிள்ளைகளிடம், வேலைக்குப் போகும்போது சான்றிதழ் போதாது என்றும் சொல்கிறோம்.

தொழில்சார் தகைமைகளில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். ஒன்று பட்டயக் கணக்காளர் நிறுவகம். 1959 இன் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இதில் பரீட்சையோடு மூன்றாண்டு நடைமுறைப் பயிற்சியும் கட்டாயம். அந்தப் பயிற்சியை நிறுவகம் அங்கீகரித்த இடத்தில்தான் செய்யவேண்டும். ஆரம்பத்தில் சொன்ன பஸ் பயணம் இங்கே திரும்பி வருகிறது. மற்றது 1987 இல் தொடங்கிய கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகம், எங்கள் பிள்ளைகள் ‘ஏ.ஏ.ரி.’ என்று சொல்வது. இதன் பரீட்சைகளைத் தமிழிலேயே எழுதலாம். உயர்தரம் முடித்த கையோடு தொடங்கலாம். கட்டணமும் ஒப்பீட்டளவில் தாங்கக்கூடியது. இதை முடித்தவருக்குப் பட்டயக் கணக்காளர் பாதையில் சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கும். வன்னிப் பிள்ளைக்கு முதற்படியாக எதைச் சொல்வாய் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஏ.ஏ.ரி. என்பேன். பல்கலைக்கழகம் கிடைத்தவர்கள் அதைப் பட்டத்தோடு சேர்த்தே எழுதலாம். மூன்றாம் வருடத்தில் எழுதத் தொடங்கியவர்கள் பட்டமளிப்புக்கு வரும்போது இரண்டு தகைமைகளோடு நிற்பார்கள்.

அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓய்வூதியம் உள்ள வேலைதான் வேலை என்று நினைக்கும் ஊர் இது. எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்து பார்த்த சனம் அப்படித்தான் நினைக்கும். 2017 பெப்ரவரி இறுதியில் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். மட்டக்களப்பில் அந்தப் போராட்டம் அதற்கும் சில நாள் முன்னரே தொடங்கிவிட்டது. 2020 இல் அரசாங்கம் நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தது. அதில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார்கள். ஆனால் கணக்கியல் படித்த பிள்ளை பிரதேச செயலகத்தில் பயனாளிப் பட்டியல் தட்டச்சுச் செய்துகொண்டு ஐந்து வருடம் இருந்தால், ஆறாம் வருடம் அவளால் ஒரு பெறுமானத் தேய்வுக் கணக்கைத் துணிந்து தொட முடியாது. கை மறந்துவிடும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அந்தக் கதவும் ஒடுங்கிவிட்டது. இலங்கைக் கணக்காளர் சேவைக்கான போட்டிப் பரீட்சை இருக்கிறது. அதற்கு ஆயத்தமாகுபவர்களும் கை மறக்காமல் இருக்கும் வேலை ஒன்றைச் செய்துகொண்டே ஆயத்தமாவது நல்லது.

தனியார் துறையில் பட்டதாரியை உடனே எடுப்பவை பெரும்பாலும் பினான்ஸ், லீசிங் கொம்பனிகள். போருக்குப் பின் ஏ-9 வீதி திறந்ததும் அவை வரிசையாக வந்தன. விளம்பரத்தில் “கணக்கீட்டு அறிவு விரும்பத்தக்கது” என்றிருக்கும். சேர்ந்த பிறகு ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு பெயர்ப்பட்டியலும் கிடைக்கும். கிழமைக் கட்டுப்பணம் அறவிடப் போகவேண்டும். வடக்கில் நுண்கடனில் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கடன்களை வீட்டு வாசலில் நின்று கேட்டவர்களில் பலர் அதே ஊர்ப் பிள்ளைகள், வணிகப் பிரிவில் படித்தவர்கள். அந்த வேலையில் மனிதரைப் படிக்கலாம், கடன் மதிப்பீட்டில் கொஞ்சம் பழகலாம். கணக்காளர் ஆகும் வழி அதற்குள் இல்லை. சேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் கிளையின் கணக்குப் பகுதிக்கு மாற்றம் கேட்கவேண்டும். கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்க்கவேண்டும்.

இனி, நான் நெடுநேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் கணக்குப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம், கமக்கார அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று கிராமத்துக்குக் கிராமம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொருளாளர் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களை 1972 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் கணக்காய்வுக்கு உட்படுத்துகிறது. கூட்டுறவுத் திணைக்களத்தார் வந்து பார்ப்பார்கள். பொருளாளர் பொதுவாக நேர்மையான மனிதர், கடலுக்கோ வயலுக்கோ போகிறவர். பற்றுச்சீட்டுகளைப் பையில் போட்டு வைத்திருப்பார். காசேடு ஏழு மாதம் பின்னால் நிற்கும். வங்கிக் கூற்று உறை பிரிக்காமல் கிடக்கும். கணக்காய்வுத் திகதி வந்ததும் நித்திரை கெடும்.

அந்தப் பைக்குள் ஒரு புதிய பட்டதாரிக்கு ஒரு முழு வருட அனுபவம் இருக்கிறது. நான் சொல்வது கருணைத் தொண்டு அல்ல. மீனவர் சங்கம் ஒன்றின் கணக்கை எடுத்துப் பாருங்கள். அங்கத்தவர் பங்குப் பணம், சேமிப்பு, கடன் தவணை, மண்ணெண்ணெய் விற்பனை, வலைக்கு வந்த மானியம், ஐஸ் வாங்கிய செலவு எல்லாம் ஒரே காசேட்டில் கிடக்கும். மானியத்தை வருமானமாக எழுதுவதா, சொத்தின் பெறுமதியில் கழிப்பதா? திரும்பி வராத கடனுக்கு எவ்வளவு ஒதுக்கீடு? கரைவலை முதலாளியான சம்மாட்டி தொழிலாளருக்கு முற்பணமாகக் கொடுத்தது கூலியா, கடனா? ரியூசன் வகுப்பில் ஒரு பக்கத்தில் முடிந்த கேள்வி இங்கே மூன்று நாள் எடுக்கும். அந்த மூன்று நாளில் படித்தது மறக்காது. வங்கியோடு இணக்கக் கூற்றுத் தயாரித்து, மாற்றப்படாத காசோலை எது, பதியாமல் விட்ட வைப்பு எது என்று கண்டுபிடித்து, பரீட்சை மீதி இரண்டு பக்கமும் ஒத்துவரும் அந்த மாலைப்பொழுதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவர்கள் பழைய ஆட்களில்லை என்று.

நெல் ஆலை இன்னொரு பள்ளிக்கூடம். வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் விளையும் நெல் ஆலைக்கு வருகிறது. 100 கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 65 கிலோ அரிசி. மிச்சம் தவிடு, உமி, குருணல், உலர்வில் போகும் நிறை. தவிட்டை விற்ற காசை அரிசியின் கிரயத்திலிருந்து கழிக்கவேண்டும் என்று தெரியாமலே பல முதலாளிமார் விலை போடுகிறார்கள். ஈர நெல்லை வாங்கிய நாளின் நிறைக்கும் குத்திய நாளின் நிறைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பத்திரத்தில் எழுதிக் காட்டுகிற பிள்ளையை எந்த முதலாளியும் இலகுவில் விடமாட்டார். உயர்தரத்தில் படித்த உப உற்பத்திக் கிரயக் கணக்கு அப்படியே அங்கே காய்ந்துகொண்டிருக்கிறது.

வரி இப்போது புதிய கதவு. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. அதே நேரத்தில் பதிவு எல்லை ஆண்டுக்கு 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாக இறங்கியது. புதுக்குடியிருப்பிலோ மல்லாவியிலோ நன்றாக ஓடும் ஒரு வன்பொருள் கடையோ பலசரக்கு மொத்த வியாபாரமோ அந்த எல்லையைத் தொடுவது புதினமில்லை. 2024 முதல் 18 வயதைக் கடந்தவர்கள் வரி அடையாள இலக்கம் எடுக்கவேண்டும் என்று வந்தபோது கச்சேரிகளிலும் தொடர்பாடல் நிலையங்களிலும் சனம் முட்டியது நினைவிருக்கும். கடைக்காரருக்கு வேண்டியது பெரிய பட்டம் அல்ல. ஏப்ரல் 1 இலிருந்து மார்ச் 31 வரையான விற்பனையை ஒழுங்காகத் தொகுத்து, நவம்பர் 30 இற்குள் வருமான வரி விபரத்திரட்டு அனுப்பத் தெரிந்த ஆள்.

அதோடு ஊழியர் சேமலாப நிதி. 40,000 ரூபா சம்பளக்காரருக்கு ஊழியர் பங்கு 8 வீதம், 3,200. முதலாளியின் பங்கு 12 வீதம், 4,800. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,200. மொத்தம் 9,200 ரூபா அடுத்த மாத இறுதிக்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம். சேமலாப நிதிச் சட்டம் 1958 இலிருந்து இருக்கிறது. இருந்தும் சிறு கடைகளில் இதை ஒழுங்காகச் செய்ய ஆளில்லாமல் வேலை செய்த பெண்பிள்ளைகளின் காசு போகிறது. சம்பளப் பட்டியலும் இந்தப் படிவங்களும் சுத்தமாகத் தயாரிக்கத் தெரிந்தவர் நாலு கடைக்குச் செய்தால் அது ஒரு வருமானம். அந்தக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு நீதியும்கூட.

இவையெல்லாம் அனுபவமாகக் கணிக்கப்படுமா என்ற கேள்வி நியாயமானது. வருடங்களை எண்ணும் பழைய முறைப்படி கடினம். ஆனால் உலகம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. சர்வதேசக் கணக்காளர் சம்மேளனத்தின் கீழ் வந்த 5 ஆம் இலக்கக் கல்வி நியமம் முன்னர் குறைந்தது மூன்று வருட நடைமுறை அனுபவத்தைக் கேட்டது. பின்னர் திருத்தப்பட்டபோது, வருடக் கணக்குக்குப் பதிலாகப் பெற்ற திறனை அளக்கவும் இடம் விட்டது. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 2023 இல் தன் பயிற்சிக் காலத்தை மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. எங்கள் தொழில்சார் நிறுவகங்களும் கூட்டுறவுத் திணைக்களமும் ஒரே மேசையில் இருந்தால், சங்கக் கணக்கு எழுதிய காலத்தின் ஒரு பகுதியையாவது மேற்பார்வையோடு கூடிய பயிற்சியாக ஏற்க வழி காணலாம். வவுனியாவிலிருந்து ஒரு தகுதி பெற்ற கணக்காளர் மாதம் ஒருமுறை முல்லைத்தீவு வந்து பத்துப் பிள்ளைகளின் வேலையைப் பார்த்துக் கையொப்பமிட்டால், பத்து அறை வாடகை மிச்சம். இதை நான் பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன். இன்னும் கேட்பேன்.

அதுவரை பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே சாட்சியமாக்கவேண்டும். செய்த இணக்கக் கூற்று, நிலையான சொத்துப் பதிவேடு, கடன்பட்டோர் வயதுப் பகுப்பு ஆகியவற்றைப் பெயரும் தொகையும் மாற்றி, சங்கத்தின் அனுமதியோடு ஒரு கோப்பில் வையுங்கள். சங்கத் தலைவரிடம் கடிதம் வாங்குங்கள். “நன்றாக வேலை செய்தார்” என்ற பொதுக் கடிதம் வேண்டாம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எந்தப் புத்தகங்களை எழுதினார், கணக்காய்வில் எத்தனை வினாக்கள் வந்தன, எத்தனை தீர்ந்தன என்று எழுதிய கடிதம் வேண்டும். நேர்முகப் பரீட்சையில் அதை மேசையில் வைத்தால் கதை வேறு பக்கம் திரும்பும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பாடசாலையில் பரீட்சை மீதி, பேரேடு, முற்பணம், அட்டுறு செலவு என்று படித்தோம். அது நல்ல தமிழ், தெளிவான தமிழ். பல்கலைக்கழகத்தில் அதே பொருள் ஆங்கிலத்தில் வருகிறது. குவிக்புக்ஸ் திரையும் ஆங்கிலத்தில். கொழும்பு அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சிங்களத்தில் கேட்கிறார். எத்தனையோ பிள்ளைகள் விடை தெரிந்தும் சொல் தெரியாமல் வாய் மூடி இருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி இருந்தவன். முதல் வேலையில் “அக்ரூவல்ஸ் எங்கே” என்று கேட்டார்கள். அட்டுறு செலவை நான் போட்டிருந்தேன், ஆனால் கேட்டது அதைத்தான் என்று விளங்கவில்லை. அன்று முழுக்கத் திட்டு வாங்கினேன். ஒரு கொப்பியை மூன்று நிரலாகப் பிரித்து, தமிழ், ஆங்கிலம், சிங்களம் என்று இருநூறு சொற்களை எழுதி மனத்தில் ஏற்ற இரண்டு மாதம் போதும். அதற்கு வகுப்பும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

கணினியில் எக்செல் முதலில். சூத்திரம் போட்டுக் கூட்டவும், ஒரு பட்டியலை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கவும், ஆயிரம் வரியைச் சுருக்கிக் காட்டவும் தெரியவேண்டும். பிறகு ஒரு கணக்கீட்டு மென்பொருள், எதுவானாலும். அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் உள்ள சிறு வியாபாரங்களின் கணக்கை இங்கிருந்தே இணையத்தில் எழுதும் வேலைகள் பெருகுகின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்து செய்பவர்கள் உண்டு. முல்லைத்தீவில் மின்சாரமும் இணைப்பும் நிலைத்திருந்தால் பஸ் ஏறத் தேவையில்லாத இன்னொரு வழி அது. குழந்தையோடு வீட்டிலிருக்கும் பெண்களுக்கும், தாய் தகப்பனை விட்டுப் போக முடியாதவர்களுக்கும் அது பெரிய விடயம். என்றாலும் அதையே முதல் வேலையாக வைப்பது எனக்கு முழுதாகச் சம்மதமில்லை. திரைக்கு அப்பால் இருப்பவர் பிழையைத் திருத்துவார், ஏன் பிழை என்று சொல்லித்தர அவருக்கு நேரமிராது. ஒரு வருடமாவது பற்றுச்சீட்டைக் கையில் பிடித்து, பொருட்களை எண்ணிப் பார்த்து, கடைக்காரரோடு முகம் பார்த்துக் கதைத்துப் பழகிய பிறகு அங்கே போனால் நல்லது.

புதியவர்கள் விழும் குழி ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. வங்கிக்கு ஒரு கணக்கு, இறைவரிக்கு ஒரு கணக்கு, தனக்கு ஒரு கணக்கு என்று மூன்று கேட்கும் முதலாளி எங்கும் உண்டு. “தம்பி, நீ எழுது, நான் பாத்துக்கொள்ளுறன்” என்பார். அனுபவம் இல்லாதவருக்கு அந்த இடத்தில் மறுப்பது பயமாக இருக்கும், வேலை போய்விடும் என்று. சங்கத்திலும் இது நடக்கும்: இல்லாத பற்றுச்சீட்டுக்கு வவுச்சர் எழுதச் சொல்வார்கள். அப்போது செய்ய வேண்டியது, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு, ஆதாரம் இல்லை என்று பக்கத்தில் குறிப்பது. நான் ஒருமுறை அப்படிக் குறித்ததற்காக ஒரு இடத்தில் வேலை இழந்தேன். அடுத்த இடத்தில் என்னை எடுத்தவர் கேட்ட ஒரே கேள்வி, அங்கிருந்து ஏன் விலகினாய் என்பது. சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஒவ்வொரு வருடமும் பங்குனியோடு நிதியாண்டு மூடும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் பல சங்கங்கள் தங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஓடவேண்டும். அறிக்கை பெரும்பாலும் அதுவரை எழுதப்பட்டிருக்காது. உங்கள் கிராமத்துப் பொருளாளரின் வீடு உங்களுக்குத் தெரியும். பின்னேரம் அவர் கடலிலிருந்து வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்து முடிந்ததும் போங்கள். காசேட்டையும் வங்கிக் கூற்றையும் அந்தப் பையையும் கேளுங்கள். கொடுத்துவிடுவார்.